பேசாம ஓட்டணும்

— யாருகிட்டம்மா சொல்றீங்க இதையெல்லாம்?

— எதை சார்?

— "இடது கொஞ்சம், நேரா, தண்ணி அஞ்சடி"ன்னு வாய் ஓயாம சொல்லிக்கிட்டே வர்றீங்களே. கரையை விட்டு ரெண்டு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள ஒரு புஸ்தகமே வாசிச்சுட்டீங்க.

— அது பழக்கம் சார். வாய் சும்மா இருந்தா எனக்குக் கை ஓடாது.

— கட்டிக்கிட்ட நாள்லேருந்து நானும் பாக்கறேன் சார். தூக்கத்துலகூட இவ யாரையாவது திட்டிக்கிட்டுத்தான் இருப்பா. நீங்க அதைக் கண்டுக்காதீங்க, பரீட்சையைப் பாருங்க.

— நீங்க பேசக்கூடாதுன்னு ஏறும்போதே சொன்னேன். பரீட்சை உங்க வீட்டம்மாவுக்கு. நேத்து வரைக்கும் நீங்க இந்தப் படகுக்குக் கேப்டனா இருந்திருக்கலாம். இன்னைக்கு விதிப்படி பயணி.

— இருபத்திரண்டு வருஷமா ஊர்ல உள்ளவங்களையெல்லாம் நான் பயணின்னு கூப்பிட்டேன். இன்னைக்கு அந்தத் தொப்பி என் தலையில. சரி சார், வாயை மூடிக்கிறேன்.

— என்னங்க, சாரை வம்புக்கு இழுக்காதீங்க. சிவப்பு மிதவை இடப்பக்கம் தாண்டியாச்சு... நேரா...

— பாருங்க, மறுபடி ஆரம்பிச்சுட்டீங்க. சரி, ஓட்டிக்கிட்டே பதில் சொல்லுங்க. விதிப்படி வாய்மொழியா ரெண்டு கேள்வி கேக்கணும். இந்தப் படகு யாருக்காக ஓடுது?

— கடலோரமா நடந்து வர்றவங்களுக்கு சார். பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, நாள் கணக்கா நடந்து வருவாங்க. ஆறு கடல்ல சேர்ற இந்த இடத்துல பாதை அறுந்து போகுது. எதிர்க்கரையில மறுபடி ஆரம்பிக்குது. நடுவுல இருக்கறது நாங்கதான். மழை விட்டதும் தொடங்குவோம், காத்து திரும்புனதும் நிறுத்திடுவோம். அஞ்சு மாசம். மத்த மாசமெல்லாம் அலை உள்ள வந்துடும்.

— படகு இல்லன்னா அவங்க என்ன பண்ணுவாங்க?

— பாலத்தைச் சுத்திப் போகணும், பதினேழு கிலோமீட்டர். லாரி ஓடற ரோடு. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பாதிப் பேரு போதும்டா சாமின்னு பஸ் ஏறி வீட்டுக்குப் போயிடுவாங்க. சார், இதெல்லாம் உங்க கேள்வித்தாள்ல இருக்கா, இல்ல நீங்களா கேக்கறீங்களா?

— இது நானா கேக்கறது. கேள்வித்தாள்ல உள்ள ரெண்டாவது கேள்வி இதோ. எதிர்க்கரையில ஆள் நிக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அங்க ஒரு கம்பம் இருக்கு, அதுல மஞ்சப் பலகை. படகு வேணும்னா பலகையைத் தூக்கி மாட்டணும். பலகை மேல இருந்தா நாங்க போயே ஆகணும். ஆளே கண்ணுல படலன்னாலும் போகணும். போன சீசன்ல ஒரு குரங்கு மாட்டி விட்டுட்டு உட்கார்ந்திருந்துச்சு, அதுக்கும் போனோம்.

— குறிச்சுக்கறேன். குரங்கைத் தவிர. உங்களுக்குத் தெரியும்ல, இன்னைக்கு விட்டா அடுத்த பரீட்சை நாலு மாசம் கழிச்சு.

— தெரியும் சார். நாளைக்கு சீசன் ஆரம்பம். நாளைக்குத்தான் கடலோர நடைபாதை ஆபீஸ்ல புது வரைபடம் அச்சுக்குப் போகுது. எங்கிட்ட லைசென்ஸ் இல்லன்னா, இந்த இடத்துல "படகு இல்லை"ன்னு போட்டுடுவாங்க. அச்சுல ஏறுனது ஏறுனதுதான். அதுக்கப்புறம் நான் லைசென்ஸை வாங்கி வச்சுக்கிட்டுத் தண்ணியைப் பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

— உங்க வீட்டுக்காரரு ஏன் ஓட்டறதை விடறாரு? படிவத்துல மூட்டு வலின்னு போட்டிருக்கு.

— ஆமா சார், மூட்டு. நிக்க முடியல அவரால. வலப்பக்கம் மணல் திட்டு வருது... இடது திருப்புங்க... இன்னும் கொஞ்சம்...

— அம்மா.

— திருப்புங்க... திருப்புங்கன்னேன்... ஐயையோ.

— என்ன இது? ஏன் நின்னுடுச்சு?

— திட்டுல ஏறிடுச்சு சார்.

— அந்தத் திட்டு எனக்கே தெரிஞ்சுது. உங்களுக்கும் தெரிஞ்சுது, வாயால சொன்னீங்க. கை மட்டும் வச்சது வச்சபடி இருந்துச்சு. "திருப்புங்க"ன்னு யாரைச் சொன்னீங்க? உங்களுக்கு நீங்களே மரியாதை குடுத்துக்கறீங்களா?

— தெரியல சார். சொல்லிட்டேன், திரும்பிடும்னு நினைச்சுட்டேன்.

— முதல்ல இன்ஜினை நிறுத்து. பின்னால எடுக்காத, மணலை வாரிக்கும். தண்ணி ஏறுதா எறங்குதா?

— ஏறுதுங்க.

— அப்ப கவலைய விடு. கால் மணி நேரம். தானா தூக்கி விட்டுடும்.

— கால் மணி நேரமா? பத்து வருஷமா பரீட்சை எடுக்கறேன், எல்லாம் ஏரியில. அங்க இப்படி நடுவுல மாட்டிக்கிட்டதே இல்ல. இருங்க, உங்களை ஒண்ணு கேக்கணும். நீங்கதான், கேப்டன். தண்ணி ஏறுதா எறங்குதான்னு எதுக்கு அவங்களைக் கேட்டீங்க? தலையைத் திருப்பினா தெரியாதா?

— அது... பரீட்சை அவளுக்குத்தானே சார்.

— காலையில கையெழுத்து போடச் சொன்னேன், கோட்டுக்கு ரெண்டு விரல் மேல போட்டீங்க. லைஃப் ஜாக்கெட்டை நீட்டினேன், காத்தைப் பிடிச்சீங்க. மூட்டு வலிக்காரரு ஏணியில ஆட்டுக்குட்டி மாதிரி எறங்கினீங்க. இது எத்தனை விரல்?

— என்னங்க, பதில் சொல்லாதீங்க.

— விடு. இதுக்கு மேல என்ன மறைக்கறது? கை இருக்கறது தெரியுது சார். விரல் தெரியல.

— அப்ப மூட்டு வலி இல்ல.

— மூட்டு நல்லாத்தான் இருக்கு. கண்ணு போச்சு. ஓரத்துல எல்லாம் தெரியும், நேரா பாத்தா நடுவுல கறுப்பா ஒரு மறைப்பு. இப்ப உங்க காது தெரியுது, மூஞ்சி தெரியல. ரெண்டு டாக்டரைப் பாத்தாச்சு. போனது போனதுதான், இருக்கறதைக் காப்பாத்திக்கோன்னுட்டாங்க.

— எப்பலேருந்து?

— ரெண்டு சீசன் ஆச்சு.

— ரெண்டு சீசனா? இந்தப் படகை நீங்க ரெண்டு சீசனா ஓட்டியிருக்கீங்க?

— அவரு ஓட்டுனாரு, நான் பாத்தேன் சார். பின்னால நின்னுக்கிட்டு அவரு காதுல சொல்லிக்கிட்டே வருவேன். இடதுன்னா இடது, வலதுன்னா வலது. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள திருப்பியிருப்பாரு. அந்தப் பழக்கம்தான் சார் இன்னைக்கு என்னைக் கவுத்துடுச்சு. சொன்னா போதும், திரும்பிடும்னே மனசு நினைக்குது.

— ஒரு பயணிக்குக்கூட இது காதுல விழல?

— பழைய இன்ஜின் சார் அது. பக்கத்துல இடி விழுந்தாக்கூட கேக்காது. பறவைங்க பயந்து ஓடுதுன்னு நடைபாதை ஆபீஸ்ல மாத்தச் சொல்லி, இந்தப் புது இன்ஜின் முந்தாநாள்தான் மாட்டுனாங்க. அது வரைக்கும் படகு கரையில கவுந்து கிடந்துச்சு. நேத்து ஒரே ஒரு சுத்து பழகுனேன்.

— நான் கோபக்காரன் இல்ல. ஆனா இப்ப எனக்குக் கோபம் வருது. ஏறினவங்க எல்லாம் உங்களை நம்பி ஏறினாங்க. குழந்தைங்க ஏறியிருக்கும். கண்ணு தெரியாத ஒருத்தர் கையில அத்தனை பேரு உசிரையும் வச்சு விளையாடியிருக்கீங்க.

— தப்புதான் சார்.

— தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா?

— ஆகாது சார். ஒண்ணும் நடக்கலையேன்னும் நான் சொல்ல மாட்டேன். நடக்கலங்கறது எங்க அதிர்ஷ்டம், சாமர்த்தியம் இல்ல. ஒவ்வொரு நாளும் கடைசி ஆளு எறங்கினப்புறம்தான் எனக்கு மூச்சு வரும். ஒரு சீசன் மட்டும்னு ஆரம்பிச்சோம், அது புலி வாலைப் பிடிச்ச கதையா ஆயிடுச்சு.

— அவளைச் சொல்லாதீங்க. பிடிவாதம் என்னுது. நாலு சுவத்துக்குள்ள உட்கார மாட்டேன்னு சின்னப் புள்ள மாதிரி அடம் பிடிச்சேன்.

— நீங்க சும்மா இருங்க. சார், இந்தப் பரீட்சையை ரெண்டு வருஷம் முன்னாடியே நான் எழுதியிருக்கலாம். படிவம் வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால வச்சிருந்தேன். நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சா, அவருக்குக் கண்ணு போனது நிஜம்னு ஆயிடும். அது வரைக்கும் ஏதோ தற்காலிகம் மாதிரி இருந்துச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு சார். கண்ணு போனதைத் தாங்கிக்குவாரு, படகு போனா தாங்க மாட்டாருன்னு பயம். அதுக்காக ஊரையே ஆபத்துல வச்சுட்டேன்.

— அரிசிப் பானைக்குப் பின்னாலயா? எங்கிட்ட சொல்லவே இல்ல.

— சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?

— ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருப்பேன். மூணாவது நாள் சரின்னிருப்பேன்.

— நான் இதை எழுதணும். எழுதாம இருக்க முடியாது, புரியுதா?

— எழுதுங்க சார். இந்தாங்க, என் லைசென்ஸ். நீங்க கேட்டு நான் குடுத்ததா இருக்க வேணாம். போட்டோவை மட்டும் பாத்துக்கோங்க, அதுல எனக்கு முடி இருக்கு.

— இது போன மாசமே காலாவதி ஆயிடுச்சு.

— ஆமா. புதுப்பிக்கக் கண் பரிசோதனை வேணும்னாங்க. அங்கதானே மாட்டிக்கிட்டோம்.

— எழுதறேன். தானே முன்வந்து ஒப்படைச்சாருன்னும் எழுதறேன், அதுவும் நடந்ததுதான். ஏம்மா, அங்க பாருங்க. எதிர்க்கரையில மஞ்சளா ஏதோ அசையுது.

— பலகை சார். பலகையைத் தூக்கிட்டாங்க. மூணு பேரு, பையோட நிக்கறாங்க. ஒருத்தங்க செருப்பைக் கழட்டிக் கையில வச்சிருக்காங்க.

— சீசன் நாளைக்குத்தானே?

— கால் வலிக்கறவனுக்குத் தேதியா தெரியும்? பாவம், வெயிலுக்கு முன்னாடி வந்துடணும்னு விடியறதுக்குள்ள கிளம்பியிருப்பாங்க.

— தூக்குது. கீழ லேசா ஆடுது பாரு. தண்ணி வந்துடுச்சு.

— ஆமாங்க, தூக்குது. சார், சொல்லுங்க. படகைத் திருப்பிக் கொண்டு போய்க் கட்டிடட்டுமா?

— யார் திருப்பச் சொன்னது? விதிப்படி தரைதட்டினா அஞ்சு மார்க் போகும். வேற படகு வந்து இழுக்காம, சேதம் இல்லாம வெளிய வந்தா பரீட்சை நடந்துக்கிட்டுதான் இருக்கு. அவரு பண்ணினதுக்கு அவருக்கு எழுதறேன். நீங்க பண்றதுக்கு உங்களுக்கு மார்க். என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். நீங்க ஓட்டப் போறீங்களா, சொல்லப் போறீங்களா?

— ஓட்டணும் சார்.

— அப்ப இங்கேருந்து அந்தக் கரை வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. "இடது"ங்கற சத்தம் கேட்டுச்சுன்னா பேனாவை மூடிடுவேன்.

— பேசாம ஓட்டணுமா? சார், அடுப்புல கைய வைன்னாக்கூட வச்சுடுவேன்.

— வாய்தான் ஓட்டுதா, கையும் ஓட்டுதான்னு எனக்குத் தெரியணும். உங்களுக்கும்தான் தெரியணும். கிளம்புங்க.

— சரி சார். என்னங்க, பயப்படாதீங்க.

— பயமா? எனக்கா? நீ எடு.

— ம், நேரம் குறிச்சாச்சு. பின்னால எடுத்துட்டாங்க. நல்லது.

— இப்ப எங்க இருக்கோம்?

— அவங்க பேசக்கூடாது. நீங்களும் பேசக்கூடாது.

— சார், கெத்தா பயமில்லன்னு சொல்லிட்டேன். இருக்கு. அவ பேசாட்டி எனக்கு இருட்டு. படகுல இருக்கேனா கிணத்துல இருக்கேனான்னே தெரியல. அவ வேணாம், நீங்க சொல்லுங்க.

— நானா?

— உங்க வாய்க்கு ஒண்ணும் பூட்டு இல்லையே.

— அவங்களுக்குக் கேக்குமே.

— அவளுக்குக் கண்ணு இருக்கு சார், நீங்க சொல்லித் தெரிய வேண்டியதில்ல. எனக்குச் சொல்லுங்க.

— சரி. ரகசியமா சொல்றேன், கிட்ட வாங்க. திட்டை விட்டு வெளிய வந்தாச்சு. வலப்பக்கம் ஒரு மிதவை. பச்சை.

— எவ்வளவு தூரம்?

— எங்க ஆபீஸ் வராண்டா நீளம்.

— உங்க ஆபீஸ் வராண்டாவை நான் எங்க கண்டேன்? படகு நீளத்துல சொல்லுங்க.

— மூணு படகு.

— இடப்பக்கம் தண்ணி உலை கொதிக்கற மாதிரி தெரியுதா?

— ஆமா, கொதிக்குது. கீழ என்ன?

— பாறை. விலகிட்டாளா?

— இன்னும் இல்ல. கிட்டப் போறாங்க. ஏம்மா... இல்ல, நான் உதவக்கூடாது. திருப்பறாங்க. திருப்பிட்டாங்க. தாண்டியாச்சு.

— அப்பாடா. ரொம்பக் கிட்டப் போனாளா?

— ரெண்டு படகு நீளம் இருந்துச்சு.

— வேற என்ன தெரியுது?

— ஒரு பறவை. வெள்ளை.

— வெள்ளையில இங்க ஒன்பது வகை இருக்கு சார்.

— எனக்கு ஒண்ணுதான் தெரியும். கொக்கு மாதிரி.

— சும்மா சொல்லக்கூடாது, நீங்க நல்ல அதிகாரி. கண்ணா இருக்கறது வேற வேலை. அவ எப்படி இருக்கா?

— உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கறாங்க.

— கோபமா இருக்கா. பேச விடாட்டி அவளுக்கு அப்படித்தான். கோபத்துல எதையும் சரியா செய்வா.

— ஒண்ணு விசித்திரமா இருக்கு. ஒரு கைதான் ஸ்டியரிங்ல. இன்னொரு கையைத் தோள் உயரத்துக்குக் காத்துல தூக்கி வச்சிருக்காங்க. முன்னாடி யாரோ நிக்கற மாதிரி. படகு திரும்பறதுக்கு முன்னாடி அந்தக் கை அசையுது.

— ஓ.

— என்ன "ஓ"?

— ஒண்ணுமில்ல சார். கரை வந்துடுச்சா? சேத்து வாசனை வருது.

— வந்தாச்சு. வேகத்தைக் குறைச்சுட்டாங்க. படித்துறைக்கு நேரா போறாங்க. அந்த மூணு பேரும் கை ஆட்டறாங்க. இன்னும் ரெண்டு படகு... ஒரு படகு... என்னம்மா, நின்னாச்சா? தொட்டதே தெரியலையே.

— இப்ப பேசலாமா சார்?

— பேசுங்க.

— வலப்பக்கம் கம்பம், எட்டற தூரம், கயித்தைப் போடுங்க. இவரைச் சொன்னேன் சார், ஸ்டியரிங்கை இல்ல.

— போட்டாச்சு. கட்டியாச்சு. சார், கயிறு கட்டறதுக்கு லைசென்ஸ் ஏதாவது வேணுமா?

— வேணாம்.

— கண்ணு?

— இப்ப நீங்க கட்டினதைப் பாத்தா அதுவும் வேணாம்போல இருக்கு.

— அப்ப நாளைக்கு எனக்கு வேலை இருக்கு. பயணியா இருந்தது போதும்.

— அறுபத்தெட்டு மார்க். பாஸுக்கு அறுபது. அஞ்சு மார்க் திட்டு எடுத்துக்கிச்சு. கையெழுத்து போடறேன், இன்னைக்குத் தேதியே போடறேன், அந்த மூணு பேரையும் ஏத்திக்கோங்க. அழாதீங்கம்மா. படிவம் நனையும்.

— அழல சார். உப்புத் தண்ணி தெறிச்சுது. எனக்கே புரியல. அங்க அப்படிக் கல்லு மாதிரி நின்ன கை, இங்க எப்படித் தானா ஓட்டுச்சு? நான் சொல்லவே இல்லையே.

— அது எனக்கும் புரியல. சரி, கடைசியா ஒரு கட்டம் காலியா இருக்கு. முன் அனுபவம். என்ன எழுத?

— இல்லன்னே எழுதுங்க. ஸ்டியரிங்கை நான் தொட்டதே நேத்துதான். அத்தனை நாளும் ஓட்டுனது இவரு. நான் வெறும் வாய்.

— சார், எழுதாதீங்க. ஒரு நிமிஷம்.

— என்னங்க, மறுபடி என்ன?

— இதை உங்கிட்ட சொல்லாமலே இருந்துடலாம்னு நினைச்சேன். சொன்னா நீ பயந்து, அன்னைக்கே படகைக் கட்டிப் போட்டிருப்ப. அந்தப் பழைய இன்ஜின் போட்ட கூச்சல்ல, நீ காதுல சொன்னது ஒரு நாள், ஒரு வார்த்தை எனக்குக் கேட்டதில்ல. உன் கை என் தோள்ல இருக்கும். அது எந்தப் பக்கம் அழுத்துச்சோ, அந்தப் பக்கம் திருப்பினேன். எழுதுங்க சார், ரெண்டு சீசன்.